மொய் நோட்டில் ஏறாத ஆறு லட்சம்

கேள்வி: எனக்கு 31 வயது. வேளச்சேரியில் ஒருவருடன் கல்யாணம் செய்துகொள்ளாமல் நாலு வருஷம் வாழ்ந்தேன். இரண்டு மாதம் முன்பு பிரிந்துவிட்டோம். அவருக்கு சிபில் ஸ்கோர் சரியில்லாததால், அவர் தங்கை கல்யாணத்துக்கு என் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்து அவர் கணக்கில் போட்டேன். (தேனியில் நடந்த கல்யாணத்துக்கு ஆபீஸ் தோழி என்று சொல்லிப் போய், 1,001 ரூபாய் மொய் எழுதினேன்.) இரண்டு வருஷமாக மாதம் 13,500 கட்டுகிறேன், இன்னும் 36 தவணை. வாடகை 24,000. அக்ரிமென்ட் அவர் பெயரில், அட்வான்ஸ் ஒரு லட்சம் என் பணம். ஊரில் அம்மா நான் ஹாஸ்டலில் இருப்பதாக நினைக்கிறார். வீட்டை விடாமல், அவரிடம் பணத்தை வாங்கச் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். கல்யாணச் செலவுக்குக் கடன்பட்டவர், பந்தியில் யாரோ மாதிரி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த 1,001 நோட்டில் ஏறிவிட்டது. நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தேடி வந்து திருப்பிச் செய்வார்கள். ஆறு லட்சத்துக்கு எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா?

கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் கோபம் அதில் இல்லை. ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கடன்படுவது அந்த வீட்டுப் பெண் செய்கிற காரியம். உங்களை வீட்டுப் பெண்ணாகக் காட்டவே கூசியவருக்கு, உங்கள் கையெழுத்து மட்டும் கூசவில்லை.

கோர்ட்டும் இங்கேதான் கை வைக்கும். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், கல்யாணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் சேர்ந்திருந்த வீட்டில் தங்க உரிமை தருகிறது. ஆனால் கோவையிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம், ஊருக்கு முன்னால் கணவன் மனைவி போல இருந்திருக்க வேண்டும் என்றது. நீங்களோ மண்டபத்தில் ஆபீஸ் தோழி, அம்மாவுக்கு ஹாஸ்டல் பெண். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வீட்டைக் காலி செய்யுங்கள். தனியாளுக்கு 24,000 வாடகை வீம்பு. அட்வான்ஸை உங்களிடமே கொடுக்கச் சொல்லி ஹவுஸ் ஓனருக்கு அவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்; உங்கள் போனை அவர் எடுக்கிற வரைக்கும்தான் அதற்கு அவகாசம். தாம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதி இருக்கிறது, இடம் கேளுங்கள். அம்மாவிடம் சொன்ன பொய்யாவது உண்மையாகும்.

பேங்குக்குத் தெரிந்த ஆள் நீங்கள் மட்டும்தான். தவணை தவறினால் கெடுவது உங்கள் ஸ்கோர். அவரிடமிருந்து பணத்தை வாங்க வழக்குப் போடுவதானால், கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும்; இரண்டு போய்விட்டது. அதற்குள் அவர் 'கடனாக வாங்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம். திருப்பித் தருவதாக வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பார், கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அன்பளிப்பு என்று அவர் சாதித்தால் கையில் இருப்பது அதுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், சம்பளம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம். முதலில் அழுவார், அப்புறம் அவன் அப்பா பெயர் என்ன, தேனியில் எந்தத் தெரு என்று கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள்.