சேவ் வசதி இல்லாதது குறையா, விதியா? பழைய கணினி விளையாட்டுகள்: கேள்வி பதில்

கோத்தகிரியில் 1999 முதல் ஒன்பது ஆண்டுகள் ஆறு கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் மின்னஞ்சல் பார்க்க வந்தவர்கள் அல்லர். கடையை மூடிய பிறகும் அந்த விளையாட்டுகள் என்னை விடவில்லை; சில ஆண்டுகளாக அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் ஆடிப் பார்த்து வருகிறேன். அதை அறிந்து நீலகிரி மலையின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): ஐயா, நீங்கள் பாராட்டியதைக் கேட்டு 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' ஆடிப் பார்த்தேன். ஒரு கட்டத்தின் நடுவே சேவ் செய்யவே வழியில்லை. நாற்பது நிமிடம் ஆடிவிட்டு ஒரே குண்டில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் குறை என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

பதில்: தயக்கம் இருக்கிறது, அம்மா. பழைய விளையாட்டுகளைத் திரும்ப எடுக்கும்போது நம்மைத் தடுக்கும் ஒவ்வொன்றையும் 'இது வெறும் இடைஞ்சலா, விளையாட்டின் விதியா' என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். அதை நீக்கிவிட்டால் விளையாட்டு அப்படியே நிற்குமானால் அது இடைஞ்சல். அதோடு விளையாட்டும் சரிந்துவிடுமானால் அது விதி.

தனி ஆளாக எதிரி முகாமுக்குள் ஊடுருவும் இந்த விளையாட்டு, நார்வே நாட்டின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாங்கள் முன்பு செய்த ஒரு போர்விமான விளையாட்டின் நிரல் அடித்தளத்தையே இதற்கும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் அதன் நிலப்பரப்பு கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கிறது. குன்னூர் டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையில் நின்று கேத்தரின் அருவியைப் பார்ப்பதுபோல, ஒரு மேட்டில் குந்திக்கொண்டு தொலைநோக்கியில் முகாமைப் பார்க்க முடியும். காவல் கோபுரத்தில் எத்தனை பேர், கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, அலாரம் எந்தச் சுவரில் இருக்கிறது, அலாரம் அடித்தால் எந்தக் கதவிலிருந்து ஆட்கள் கொட்டுவார்கள் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சேவ் வசதி கொடுத்துவிட்டால் அந்தத் தொலைநோக்கிக்கு வேலையே இல்லை. ஓடிப் போய்ச் சுட்டுப் பார்ப்போம், செத்தால் பத்து விநாடிக்கு முன் இருந்த இடத்தில் எழுவோம். அதாவது, உங்களை அழவைத்த அந்த விதிதான் உங்களை மேட்டில் உட்கார வைக்கிறது. எங்கள் கடையில் ஒருவன் ஆடுவான், பின்னால் நிற்கும் மூவர் 'இடது பக்கம் கேமரா, குனி' என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொல்வார்கள். நடுவில் சேவ் இருந்திருந்தால் அந்த மூவருக்கும் நிற்கக் காரணமே இருந்திருக்காது.

இடைஞ்சலுக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். ஊரையும் படையையும் வளர்த்துப் போரிடும் விளையாட்டான, 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் வயல் விளைந்து தீர்ந்ததும் ஒவ்வொரு தடவையும் நாமே போய் மறுபடி விதைக்க வேண்டும். போர் மும்முரமாக நடக்கும்போது பின்னால் குடியானவர்கள் கைகட்டி நிற்பார்கள். 2000இல் வந்த 'கான்கரர்ஸ்' விரிவாக்கம், ஆலையிலேயே முன்கூட்டி வரிசை போட்டுவைக்கும் வசதியைக் கொடுத்தது. விளையாட்டு ஒரு சிறிதும் கெடவில்லை. செய்தவர்களே இடைஞ்சலை இனங்கண்டு எடுத்துவிட்டார்கள்.

ஐ.ஜி.ஐ.யிலும் உண்மையான குறைகள் உண்டு. காவலர்கள் பல இடங்களில் மடத்தனமாக நடந்துகொள்கிறார்கள். அதை நான் பூசி மெழுக மாட்டேன்.

கேள்வி (உதகமண்டலம், வங்கி ஊழியர்): பத்து வயது மகனுக்குப் பழைய விளையாட்டு ஒன்றை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம், சார்?

பதில்: 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா', 1989ஆம் ஆண்டுப் பதிப்பு. முள்ளில் விழுந்தால் கொஞ்சம் இரத்தம் தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறத்தாழத் தனியாகவே ஆப்பிள் 2 கணினிக்காக எழுதியது அது. தன் தம்பியை ஓடச் சொல்லி, தாவச் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பிரித்து வரைந்ததால்தான் அந்த இளவரசனுக்கு உடல் கனம் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்த நினைத்தால் உடனே நிற்க மாட்டான். சறுக்கிக்கொண்டே ஓரடி போய்த்தான் நிற்பான். இன்றைய பிள்ளைகள் கையில் எடுத்ததும் 'பட்டன் வேலை செய்யவில்லை' என்பார்கள். பட்டன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஈரமான தேயிலைச் சரிவில் ஓடிப் பழகிய பிள்ளைக்கு, ஓடும் கால் சொன்னவுடன் நிற்காது என்பது தெரிந்திருக்கும். பள்ளத்துக்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்துப் போகக் கற்றுக்கொடுங்கள். விளிம்பிலிருந்து தொங்கி இறங்குவதையும் கற்றுக்கொடுங்கள். இளவரசியை மீட்கும் மொத்தக் கதைக்கும் 60 நிமிடம்தான் கெடு. முதல் வாரம் அதைப் பற்றி அவனிடம் பேசாதீர்கள்.

கேள்வி (கூடலூர், தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர்): 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிடிகள் பரணில் கிடந்தன. எல்லாவற்றிலும் பூஞ்சை. சில ஃபிளாப்பிகளும் இருக்கின்றன. காப்பாற்ற முடியுமா அண்ணா?

பதில்: கூடலூர் மழைக்குத் தோல் செருப்பே பூக்கும்போது சிடி எம்மாத்திரம்! முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தின் அடியில் உள்ள வெள்ளிப் பூச்சிலேயே ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால், தகவல் அந்தப் பூச்சோடு போய்விட்டது. கழுவி என்ன பயன்? பூஞ்சை அடிப்பக்கத்து பிளாஸ்டிக்கில் மட்டும் படிந்திருந்தால், மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, நூல் உதிராத மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக விழும், படிக்கும் கருவி அதைத் திருத்திக்கொள்ள முடியாமல் திணறும். நிழலில் உலர்ந்ததும், விளையாட ஆசைப்படாமல், அன்றைக்கே முழுத் தட்டையும் ஹார்டு டிஸ்கில் ஐ.எஸ்.ஓ. கோப்பாக நகலெடுத்துவிடுங்கள். பிறகு தட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடலாம்.

பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியை எக்காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள். படிக்கும் முனை அந்தப் பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டே போய்க் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும், அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கெடுக்கும். நான் இப்படி ஒரே மாலையில் நான்கைத் தொலைத்தவன்.

இன்னொன்று. சிடி பளபளவென்று மீண்டு வந்தாலும், சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்ட விளையாட்டாக இருந்தால் விண்டோஸ் 10 அதை இயக்க மறுத்துவிடும். அந்தப் பூட்டுக்கான டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணத்தால் ஒதுக்கிவிட்டது. அப்படிப்பட்டவற்றை ஜி.ஓ.ஜி. போன்ற இணையக் கடையில் பூட்டு இல்லாத பதிப்பாக மறுபடி வாங்குவதுதான் நடைமுறை.

கேள்வி (அருவங்காடு, ஓய்வுபெற்றவர்): புதிய மடிக்கணினியில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான என் பழைய விளையாட்டுகள் சில ஓடவே இல்லை, சில கண்மண் தெரியாமல் ஓடுகின்றன. ஓடுபவற்றிலும் மனிதர்கள் குள்ளமாகத் தெரிகிறார்கள். என் கண்ணில் கோளாறா?

பதில்: கண்ணில் ஒன்றுமில்லை. மூன்றும் மூன்று வேறு காரணங்கள்.

64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் நிரல்களை ஏற்காது. ஆகவே பழைய கணினியைப்போல நடித்து அவற்றை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்னும் இலவச எமுலேட்டர் வேண்டும். வேகக் கோளாறுக்குக் காரணம், தொடக்ககால நிரலாளர்கள் சிலர் கடிகாரத்தைப் பார்க்காமல் பிராசசரின் வேகத்தையே தாளமாக வைத்துக்கொண்டது. 386, 486 பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கும். அதன் உண்மையான வேலை, இத்தகைய விளையாட்டுகளுக்காகக் கணினியை மெதுவாக்குவதுதான். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலோடு எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 அழுத்தினால் கூடும். கால் தரையில் பதிவது இயல்பாகத் தெரியும்வரை அழுத்திப் பாருங்கள்.

குள்ளம்தான் சுவையான விஷயம். அந்த விளையாட்டுகளில் பல, குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகள் கொண்டவை. ஆனால் அன்றைய மானிட்டர் 4:3 விகிதத்தில் இருந்ததால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் 20 விழுக்காடு கூடுதலாக நீண்டு தெரிந்தது. ஓவியர்கள் அந்த நீட்சியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளி சதுரமாக இருப்பதால் எல்லோரும் நசுங்கிவிடுகிறார்கள். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியில் 'ட்ரூ' என்று மாற்றுங்கள். பழைய மானிட்டரையே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பனிக்காலக் காலையில் போர்த்தியிருந்த துணியை எடுத்தவுடன் ஸ்விட்சைப் போடாதீர்கள்; உள்ளே ஈரம் பூத்திருக்கும், அறை சூடேறட்டும்.

கேள்வி (மஞ்சூர், ஆசிரியர்): மெருகேற்றிய புதிய பதிப்புகள் வருகின்றன. மூலத்தை விட்டு அவற்றை வாங்கலாமா?

பதில்: மூலம் பக்கத்திலேயே கிடைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' விளையாட்டின் 2009ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் ஒரே ஒரு விசையை அழுத்தினால் புது ஓவியம் மறைந்து பழைய ஓவியம் வந்துவிடும், அதே காட்சியில். இதைவிட நேர்மையான மறுபதிப்பை நான் கண்டதில்லை. 2019இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' மறுபதிப்பும் தயங்காமல் வாங்கலாம்.

மறுபுறம், 2021இல் 'ஜி.டி.ஏ.' முதல் மூன்று முப்பரிமாண விளையாட்டுகளின் தொகுப்பு வந்தபோது பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியதில் மழை பெய்தால் கண்ணுக்கு எதிரே வெள்ளைக் கோடுகள்தான் தெரிந்தன, பாத்திரங்களின் முகங்கள் பொம்மைபோல் இருந்தன. கடும் எதிர்ப்பு எழுந்து, நிறுவனமே மன்னிப்புக் கேட்டுப் பழைய பதிப்புகளைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. அம்மூன்றில் ஒன்றான 'சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டில் மூடுபனி தூரத்தை மறைத்ததால் ஊர் பெரிதாகத் தோன்றியது. புதியதில் பனியை எடுத்ததும் ஊரின் எல்லை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மூடுபனி ஊரைப் பெரிதாக்கும் என்பதை நம் மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைய கணினியின் வலுவின்மைக்காகப் போட்ட பனிதான், ஆனாலும் அது விதியாகிவிட்டது.

கேள்வி (கோத்தகிரி, பழைய வாடிக்கையாளர்): அண்ணா, விற்பனையில் இல்லாத விளையாட்டை இணையத்தில் இறக்கினால் குற்றமா?

பதில்: விற்பதை நிறுத்தியதால் உரிமை போய்விடாது, தம்பி. செய்தவர்களே திறந்துவிட்டவை உண்டு: 'டூம்' என்ற சுடும் விளையாட்டு 1993இல் வந்தது, அதன் மூல நிரலை 1997இல் வெளியிட்டார்கள். படங்களும் கட்டங்களும் அதில் சேரா. அவற்றுக்கு மாற்றாக 'ஃப்ரீடூம்' இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்கு.

கேள்வி (அதே வாடிக்கையாளர்): திரும்ப ஆடியதில் உங்களை ஏமாற்றியது எது?

பதில்: 'ரோட் ராஷ்' என்ற பைக் பந்தயம். கடையில் இதற்காக நீயே எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாய்! சென்ற ஆண்டு தனியாக அமர்ந்து ஆடினேன். ஐந்தே சாலைகள், நிலை உயர உயர அதே சாலைகள் நீளமாகின்றன, எதிராளிகள் வேகமாகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்து வண்டிக்காரனைச் சங்கிலியால் அடித்துத் தள்ளும் இன்பம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. சியரா நெவாடா என்று ஒரு மலைச்சாலை வரும். நம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டியவனுக்கு அது மேட்டுப்பாளையத்துச் சமவெளி. நாம் அன்று இரசித்தது அடுத்தவன் விழுவதைப் பார்த்துக் கத்தியதை. அதை எந்தச் சிடியிலும் நகலெடுக்க முடியாது.

கேள்வி (கேத்தி, கல்லூரி மாணவர்): 'பிரின்ஸ்' விளையாட்டைக் குறுக்குவழி இல்லாமல் நீங்கள் முடித்திருக்கிறீர்களா?

பதில்: கடைக் காலத்தில் இல்லை. டாஸில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டினால் கட்டங்களைத் தாண்டலாம் என்பது மலை முழுவதும் பரவியிருந்த இரகசியம். எல்லோரையும்போல நானும் அப்படித்தான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். 12ஆம் கட்டத்தில் இளவரசனின் நிழல் வாளோடு எதிரே வரும். நிழலை வெட்டினால் நமக்கும் ஓர் உயிர் குறையும். கடையில் ஒருவருக்கும் அதற்கு வழி தெரியவில்லை, எல்லோரும் வெட்டி வெட்டியே செத்தோம். அந்த நிழல் பிறந்ததே நினைவகப் பஞ்சத்தால்தான்: புதிய எதிரியை வரைய ஆப்பிள் 2 கணினியில் இடம் போதாததால், இளவரசனின் அதே படங்களை ஒரு புள்ளி தள்ளித் தன்மேலேயே கலந்து மெக்னர் அந்த உருவத்தை உண்டாக்கினார். ஆகவே எதிரே நிற்பது, நிரலின் கணக்கிலும் நாமேதான்.

ஊரடங்கின்போது ஒரு மழை இரவில், குறுக்குவழி இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். மின்சாரம் போய் யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, விளையாட்டில் ஒன்பது நிமிடம் மீதி. வாளை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. நேரே நடந்தேன், இரண்டும் ஒன்றாயின. வில்லன் ஜாஃபரை வீழ்த்தியபோது நான்கு நிமிடம் இருந்தது. யு.பி.எஸ். இளவரசியின் கதவுவரைகூடத் தாங்கவில்லை.