கேள்வி–பதில்: வைரஸ் வந்த வழி

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று எச்.ஐ.வி. பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த மூன்றையும் சேர்த்தே எடுக்கிறேன்.

சேர், நான் ஏ.எல். உயிரியல் படிக்கிறேன். எச்.ஐ.வி. 1920ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவில் கொங்கோ நாட்டுக் கின்ஷாசா நகரத்திலிருந்து பரவத் தொடங்கியது என்று வாசித்தேன். எயிட்ஸ் நோயையே 1981இல்தானே கண்டார்கள்? அறுபது வருஷத்துக்கு முந்திய கதையை மரபணுவை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?
— அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவி

மகள், படுவான்கரைப் பக்கம் அண்ணாவிமார் வைத்திருக்கும் கூத்துக் கொப்பியைக் கண்டிருக்கிறீர்களா? ஒரு ஊரில் ஆடிய கூத்தை இன்னோர் ஊர் ஆட ஆசைப்பட்டால், யாராவது இருந்து அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். பார்த்து எழுதும்போது பிழை வரும். ஒருவர் ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய கொப்பியைப் பார்த்து எழுதுகிற எல்லோரிடமும் அந்த ‘வந்தார்’ இருக்கும், அதோடு அவரவர் சொந்தப் பிழைகளும் சேரும். இப்படிப் பத்து ஊர்க் கொப்பிகளை ஒன்றாக வைத்து, எந்தப் பிழை எவற்றில் எல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் எது எதோடு நெருக்கம், எது எப்போது பிரிந்தது என்று ஒரு மரம் வரையலாம். எச்.ஐ.வி.யில் செய்வதும் இதுதான்.

இந்த வைரசின் மரபணு முழுவதும் ஏறத்தாழ 9,700 எழுத்துக்கள். அதைப் படியெடுக்கும் நொதியத்துக்கு, எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் பழக்கம் கிடையாது. எங்கள் கலங்களில் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது அந்தச் சரிபார்ப்பு நடக்கிறது, இங்கே இல்லை. மருந்து எடுக்காத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன, ஆகவே பிழைக்குப் பஞ்சமில்லை. அந்தப் பிழைகள் நீண்ட காலத்தில் ஓரளவு சீரான வேகத்தில் சேர்வதுதான் முக்கியம். எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரிந்த மாதிரிகளை ஒப்பிட்டு அந்த வேகத்தைக் கணக்கிட்டுவிட்டால், பின்னோக்கிப் போய் இரண்டு கிளைகளும் எந்தக் காலத்தில் ஒன்றாக இருந்தன என்று மதிப்பிடலாம்.

இதற்குக் கிடைத்த பெரிய சான்றுகள் இரண்டு. இரண்டுமே கின்ஷாசாவில் எடுக்கப்பட்டவை, அப்போது அந்த நகரத்துக்கு லியோபோல்ட்வில் என்று பெயர். ஒன்று 1959இல் எடுத்த குருதி. மற்றது 1960இல் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, மெழுகில் பதித்து வைத்த நிணநீர்க் கணுத் துண்டு. ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம், ஆனாலும் இரண்டு வைரசுக்கும் இடையில் சுமார் 12 வீத வித்தியாசம்! அவ்வளவு பிழை சேர வேண்டுமென்றால் அவை பிரிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 2008இல் வெளியான ஆய்வு, இந்த வைரஸ் கூட்டத்தின் பொது மூதாதை 1908 அளவில், அதாவது 1884க்கும் 1924க்கும் இடையில், இருந்திருக்கலாம் என்றது. 2014இல் இன்னோர் ஆய்வு, மாதிரிகள் எடுத்த இடங்களையும் கணக்கில் சேர்த்து, கின்ஷாசா, 1920 அளவு என்று வந்தது. நீங்கள் வாசித்தது அதுவாக இருக்கும். 1940களின் முடிவில் வருஷத்துக்குப் பத்து இலட்சம் பேருக்கு மேல் ரயிலில் அந்த நகரத்தின் ஊடாகப் போய்வந்தார்கள், வைரசும் அவர்களோடு தண்டவாளம் வழியே சுரங்க நகரங்களுக்குப் போனது. அதற்கு முந்திய கண்ணி, கமரூனின் தென்கிழக்குக் காட்டிலுள்ள சிம்பன்சிகள். காட்டில் பொறுக்கிய சிம்பன்சி எச்சத்திலிருந்து வைரசின் மரபணுவை எடுத்து 2006இல் அதைக் காட்டினார்கள். இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கிளைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ‘நீங்கள் என்ன குடி?’ என்று கேட்டால் தாய்வழி தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல. வட அமெரிக்கா, ஐரோப்பாவில் கூடுதலாக இருப்பது பி. தென் ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் சி, உலகத் தொற்றுக்களில் பாதிக்குக் கிட்ட அதுதான். ஆனால் குடியில் நடக்காத ஒன்று இங்கே நடக்கும்: ஒரே ஆளுக்கு இரண்டு கிளைகளும் தொற்றினால் அவை கலந்து புதுக் கலப்பு வகை ஒன்று உருவாகலாம், முதற்பாதியை ஒரு கொப்பியிலும் மற்றப் பாதியை இன்னொரு கொப்பியிலும் பார்த்து எழுதியதுபோல. அப்படி நடந்தால் மரம் வரைவது சிக்கலாகிவிடும்.

ஐயா, என் பெயர், ஊர் போட வேண்டாம். என் கணவர் ஆறு வருஷம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். போன வருஷம் எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, மருந்து எடுக்கிறோம். ‘நீதான் கொடுத்தாய்’ என்று மாமியும் மச்சாளும் சொல்கிறார்கள். மரபணுச் சோதனை செய்தால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியுமாம். செய்து நிரூபிக்கலாமா?
— மட்டக்களப்பு மாவட்ட வாசகி

தங்கச்சி, முடியாது. சில பேர் முடியும் என்று நினைக்கிறார்கள், அதனால் ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

மேலே சொன்ன கொப்பிகளையே எடுங்கள். இரண்டு கொப்பிகளில் ஒரே பிழைகள் இருக்கின்றன. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை எழுதியிருக்கலாம், இரண்டாவதைப் பார்த்து முதலாவதை எழுதியிருக்கலாம், அல்லது நாங்கள் காணாத மூன்றாவது கொப்பி ஒன்றிலிருந்து இரண்டும் வந்திருக்கலாம். அந்த மூன்றாவது கொப்பிதான் சோதனை செய்யாத மனிதர். அவர் இல்லை என்று எந்த ஆய்வுகூடத்தாலும் சத்தியம் பண்ண ஏலாது. ஒருவரின் உடலிலுள்ள வைரஸ் வகைகளை மிக நுணுக்கமாக வாசித்துத் திசையை ஊகிக்கும் முறைகள் வந்திருக்கின்றன, ஆனால் அவை ஆயிரக்கணக்கானோர் மத்தியில் தொற்று எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை, தனி ஒருவரைக் குற்றம் சாட்ட அல்ல. 2018இல் பல நாடுகளைச் சேர்ந்த 20 நிபுணர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் மரபணு ஒப்பீட்டை மட்டும் வைத்து இன்னார்தான் கொடுத்தார் என்று நிரூபிக்க முடியாது என்றே சொன்னது. யாருக்கு முதலில் சோதனை செய்தார்கள் என்பதும் யாருக்கு முதலில் தொற்றியது என்பதைக் காட்டாது.

ஆனால் ஒருவர் கொடுக்கவில்லை என்று காட்டுவதற்கு மரபணு பலமான சாட்சி. லிபியாவில் பெங்காசி நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. பல்கேரியத் தாதிமார் ஐந்து பேரும் பாலஸ்தீன டொக்டர் ஒருவரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று மரணதண்டனை கொடுத்தார்கள். 2006இல் விஞ்ஞானிகள் அந்தப் பிள்ளைகளின் வைரஸ் மரபணுக்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது, 1998 மார்ச்சில் அந்த ஆறு பேரும் வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகும் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது, 2007இல்தான் வீடு போனார்கள். எட்டு வருஷம் சிறையில்.

இன்னொன்று. கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர் ஒருவரை, அமெரிக்காவுக்கு எயிட்ஸ் கொண்டுவந்தவர் என்று உலகமே தூற்றியது. ஆய்வுக் குறிப்பில் ‘கலிபோர்னியாவுக்கு வெளியே’ என்பதைக் குறிக்கப் போட்ட ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைப் பூச்சியம் என்று வாசித்து, அவரை ‘பூச்சிய நோயாளி’, அதாவது முதல் நோயாளி, என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை. 2016இல் அவருடைய வைரசின் மரபணுவை வாசித்தபோது அது மரத்தின் அடியில் இல்லை, நடுவிலே பலரோடு பலராக இருந்தது. வைரஸ் 1970 அளவிலேயே நியூயோர்க்குக்கு வந்துவிட்டது. அவர் 1984இலேயே இறந்துவிட்டார், அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை.

உங்கள் மாமிக்கு நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, தங்கச்சி. உங்கள் சோதனை அறிக்கையைக் கேட்கும் உரிமை அவருக்கும் இல்லை. நீங்கள் இருவரும் மருந்தை நாள் தவறாமல் எடுங்கள். குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத மட்டத்துக்கு இறங்கி ஆறு மாதம் அப்படியே நின்றால் உடலுறவால் அது மற்றவருக்குத் தொற்றாது. பிள்ளை வேண்டுமென்றால் அதையும் கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

கொரோனாபோல எச்.ஐ.வி.யிலும் பயங்கரமான திரிபு வந்திருக்கிறதாம். இப்போதுள்ள மருந்து அதற்குக் கேட்குமா?
— கல்முனை வாசகர்

கேட்கும். நீங்கள் சொல்வது நெதர்லாந்தில் கண்ட வி.பி. என்ற திரிபாக இருக்க வேண்டும், 2022 பெப்ரவரியில் அறிவித்தார்கள். 109 பேரிடம் கண்டிருந்தார்கள். மற்ற பி வகையை விட இவர்களின் குருதியில் வைரஸ் மூன்றரை முதல் ஐந்தரை மடங்கு கூடுதல், நோய் எதிர்ப்புக் கலங்களும் இரண்டு மடங்கு வேகத்தில் குறைந்தன. ஆனால் அது 1990களிலேயே தோன்றிய பழைய திரிபு, 2010க்குப் பிறகு அங்கே குறைந்தும் வந்திருக்கிறது. வழமையான மருந்துக்கே கட்டுப்பட்டது. அப்புறம் மருந்துக்கு அடங்காத வைரஸ்களும் உண்டு, மருந்தை இரண்டு மாதம் எடுத்து ஒரு மாதம் விடுவது அவற்றுக்கு இடம் கொடுக்கும்.

சோதனை செய்ய நினைத்தால் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடத்திலும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. காசு இல்லை, வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை, விபரம் வெளியே போகாது. சொந்த ஊரில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று பயமென்றால் பஸ் ஏறி அடுத்த ஊர் நிலையத்துக்குப் போங்கள், அங்கேயும் பார்ப்பார்கள்.