வயதான நாயின் மூட்டுவலிக்கு லேசர் உதவுமா?

வெள்ளவத்தையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: 11 வயது லாப்ரடோருக்கு இடுப்பில் மூட்டுவாதம், மிருக வைத்தியர் லேசர் சிகிச்சை சொல்கிறார், சுட்டுவிடாதா என்று.

இது வெட்டுகிற லேசர் இல்லை. ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீற்றர் வரையான சிவப்பு, அகச்சிவப்பு ஒளி. கலத்தின் சக்தி ஆலையான இழைமணியில் உள்ள ஒரு நொதி அதை உறிஞ்சுவதால் சக்தி உற்பத்தி கூடுகிறது, அப்புறம் வீக்கம் தணிகிறது என்பது பரவலான விளக்கம். 1967இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலிகளில் லேசர் ஒளி பட்டதும் மயிர் வேகமாக முளைப்பதைக் கண்டார். கதை அங்கே தொடங்கியது.

சரி, சுடுமா? 500 மில்லிவாற்றுக்கு மேற்பட்டது நான்காம் வகுப்பு லேசர், அதாவது வலு மிகக் கூடிய வகை. அதை ஒரே இடத்தில் பிடித்தால் தோல் சுடலாம். கறுப்பு மயிர் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே உங்கள் நாய் கறுப்பென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூட்டைவிடக் கண்தான் எனக்குப் பயம்: வைத்தியர், நீங்கள், நாய் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் ஒளி படக்கூடாது.

நாய்களில் வலி குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா ஆய்வும் அப்படி இல்லை. பந்தயக் குதிரைகளின் தசைநாண் காயத்துக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள், அங்கும் ஆதாரம் கலவைதான்.

ஒரு தடவையோடு முடியாது, பல அமர்வுகள் தேவைப்படும். மொத்தச் செலவை முதலில் கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாய் குண்டென்றால், லேசரை யோசிக்கும் முன் சோற்றைக் குறையுங்கள்.