நரை முடித்த சோழன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய்க் குளியலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதில் போகிற போக்கில், ‘டை அடிப்பதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது’ என்று ஒரு வரி வந்தது. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

எனக்கு வயது 54. மயிலாடுதுறையில் இருக்கிறேன். 38 வயதிலிருந்து டை அடித்து வந்தேன். போன பங்குனியில் டை அடித்த மறுநாள் காலை இரண்டு இமையும் வீங்கிப்போய், காதோரமெல்லாம் கொப்புளம். இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வகிட்டிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை, அதற்குக் கீழே இடுப்பு வரை கறுப்பு.

ஆடிப்பெருக்கன்று துலாக் கட்டத்தில் ஒரு அம்மா என் கணவரைக் காட்டி, “தம்பியோட வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். என் கணவருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். மாதம் தவறாமல் டை அடிப்பவர். மாமியாரோ, “எனக்கு 82 வயசு, நான் நரைச்சதுல அர்த்தம் இருக்கு. உனக்கென்ன அவசரம்?” என்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். “போட்டோவுக்காக ஒரே ஒரு தடவைம்மா, அம்மோனியா இல்லாததா வாங்கிக்கலாம்” என்கிறாள் அவள். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றும் இருக்கிறது.

இன்னொரு பக்கம் கோபமும் வருகிறது. டை அடித்துக்கொள்கிற பெண்கள் எல்லாரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்களோ? நான் செய்வது சரிதானா? வெள்ளை முடி கம்பி மாதிரி முரடாக இருக்கிறது, மஞ்சள் பூக்கிறது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை என்பது உங்கள் விஷயத்தில் கிடையாது. கறுப்பு டை பெரும்பாலானவற்றில் பி.பி.டி. என்று ஒரு ரசாயனம் இருக்கும், பாராஃபெனிலீன் டைஅமீன். நீங்கள் சொல்கிற இமை வீக்கமும் காதோரக் கொப்புளமும் அதற்கு ஒவ்வாமை வந்தவர்களிடம் காண்கிற அறிகுறிகள். ஒருமுறை ஒவ்வாமை வந்த உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம், மூச்சுத் திணறல்வரை போனவர்களும் உண்டு. அம்மோனியா இல்லை என்று பெட்டியில் போட்டிருந்தால் அம்மோனியா இல்லை, அவ்வளவுதான். பி.பி.டி. இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்கிற சோதனை எல்லாம் இதுவரை ஒன்றும் ஆகாதவர்களுக்கு. நீங்கள் அதைக்கூட வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கல்யாண முகூர்த்தத்தில் பெண்ணின் அம்மா வீங்கிய கண்ணோடு மணையில் நிற்பதைவிட வெள்ளைத் தலையோடு நிற்பது நல்லதா இல்லையா என்று அவளையே கேளுங்கள்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு பார்லரில், “இது சுத்தமான ஹெர்பல்க்கா, கறுப்பு மருதாணி, பயமே இல்ல” என்று பூசிவிட்டார்கள். ராத்திரி கழுத்துப் பட்டை முழுக்க எரிய ஆரம்பித்து, நாலு நாள் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. பிறகுதான் யோசித்தேன். நம் வீட்டுக் கொல்லையில் மருதாணி இருந்ததே, என்றைக்காவது அது கையில் கறுப்பாகப் பிடித்திருக்கிறதா? மருதாணி சிவக்கும். வெள்ளை முடியில் செம்பட்டையாகப் பிடிக்கும். அதன் மேல் அவுரி இலைப் பொடி பூசினால் கருமை வரும், அது உண்மை. ஆனால் ஒரே பாக்கெட்டைக் கரைத்துப் பூசி அரை மணி நேரத்தில் கன்னங்கறுப்பாக வருகிறது என்றால் உள்ளே வேறு சரக்கு கலந்திருக்கிறது. கல்யாண வீட்டில் கறுப்பு மருதாணிக் கோனைக் கொண்டுவந்து கையைப் பிடிப்பார்கள், அதிலும் பி.பி.டி. கலப்பதுண்டு. அப்போதும் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சோழன் கதைக்கு வருகிறேன். பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா. வழக்குச் சொல்லி நீதி கேட்க வந்த முதியவர்கள், சிம்மாசனத்தில் இருப்பவன் சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும் என்று தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடி கட்டிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னான். ‘நரை முடித்துச் சொல்லால் முறைசெய்தான் சோழன்.’ அவன் கரிகாலன் என்பார்கள். நம் வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற கல்லணையோடு சேர்த்து நாம் பேர் சொல்கிற அதே கரிகாலன். நம் ஊர்க்காரன் ஒருவன் இல்லாத நரையை வேலை மெனக்கெட்டு வைத்துக்கொண்டிருக்கிறான், சபையில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்பதற்காக.

அவனுக்கு எடுபட்டது. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? டை விட்ட முதல் வருஷம் யாரைப் பார்த்தாலும், “உடம்புக்கு என்ன?” கடைத்தெருவில் பழைய சிநேகிதி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, “வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?” என்றாள். டவுன் பஸ்ஸில் என் வயதை ஒத்த கண்டக்டர், “பாட்டிம்மா, உள்ள போங்க” என்றார். (அவர் தலை நல்ல கறுப்பு. உங்கள் வீட்டுக்காரர் கட்சி.) அதே நரையோடு அஜித் திரையில் வந்தால் விசில். அவரோடு ஜோடி சேர்கிற கதாநாயகி ஒரு வெள்ளை இழையோடு வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இதை வெறும் அழகு விஷயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காவிரிக்கரை ஊர்களில் சில வீடுகளில் கணவன் போனதும் பெண்ணின் தலைமுடியை எடுத்துவிடுகிற வழக்கம் என் அத்தைப்பாட்டி காலம்வரை இருந்தது. அவருக்கு 26 வயதில் எடுத்தார்கள். 80 வயதுக்கு மேல் இருந்தார். தன் முடி நரைத்ததா இல்லையா என்று பார்க்கவே அவருக்கு வழியில்லாமல் போயிற்று. தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கெல்லாம் மட்டும் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். பெண்ணின் தலையில் வெள்ளை என்றாலே ஏதோ போய்விட்டது என்று பதறுகிறார்களே, “வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். உங்கள் மாமியாரின் ‘உனக்கென்ன அவசரம்’ கூட அந்தப் பயமாக இருக்கலாம். அதனால் அவரிடம் சண்டை வேண்டாம்.

ஆனால் உங்கள் கோபத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. டை அடிப்பவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை பிரித்துக் காட்டுகிற 50 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தலை வெளுத்தால் கல்லாப்பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை வரும், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அவள் டை அடிப்பது பிழைப்புக்கு. பிழைப்பு இல்லாமல் வெறும் ஆசைக்காக அடித்தாலும்தான் என்ன? நானும் நீங்களும் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்கள், வைராக்கியத்தால் விட்டவர்கள் இல்லை. அதை மறந்துவிட்டுப் பெருமை பேசினால் நன்றாக இருக்காது.

இனி முடிக்கு வருவோம், எனக்கும் இதுதான் பிடித்த பகுதி.

முடியின் வேர்க்காலில் நிறம் ஊட்டுகிற செல்கள் இருக்கின்றன. வயதாக ஆக அவை குறைந்து ஓய்ந்துவிடுகின்றன. அப்புறம் முளைக்கிற முடி வெள்ளையாகவே முளைக்கிறது. வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, அதை எந்த எண்ணெயாலும் உள்ளிருந்து கறுப்பாக்க முடியாது. கரிசலாங்கண்ணி நம் வரப்போரமெல்லாம் கிடக்கிறது, பறித்துக் காய்ச்சித் தேய்த்துக்கொள்ளலாம், குளிர்ச்சிதான். ஆனால் அந்தப் பச்சைத் தைலம் வெள்ளை முடியில் அழுக்குப் பச்சையாக ஏறிக்கொள்ளும். எனக்கு ஏறியது. ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது வரும் என்பார்கள், அதுவும் பொய். ஒரு வேர்க்காலைப் பிடுங்கினால் பக்கத்து வேர்க்காலுக்கு எப்படித் தெரியும்? ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் வேர் கெட்டு அந்த இடம் சொட்டையாகும்.

முரடாக இருப்பதற்குக் காரணம் வறட்சி. வயதாகும்போது தலைத்தோலில் இயற்கையாகச் சுரக்கிற எண்ணெய்ப் பசை குறைகிறது. அதனால் வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் என்ற பழைய கணக்கு, பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, நமக்கு முன்னைவிட இப்போதுதான் தேவை. வெள்ளை முடிக்கு நான் நல்லெண்ணெயை விட்டுவிட்டுத் தெளிந்த தேங்காயெண்ணெய்க்கு மாறிவிட்டேன். அது முடிக்குள் இறங்கும், கறையும் வைக்காது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகச் சூடுபண்ணி நுனிவரை தடவினால் போதும். சீயக்காயை வெறும் தண்ணீரில் கரைக்காமல் சாதம் வடித்த கஞ்சியில் கரைத்துத் தேயுங்கள், நம் பாட்டிமார் செய்ததுதான். முடி வழவழவென்று சிக்கில்லாமல் வரும். சீயக்காய் நாளாவட்டத்தில் கொஞ்சம் பழுப்பேற்றும் என்பதால் நான் ஒரு முறை சீயக்காய், ஒரு முறை மிதமான ஷாம்பு என்று மாற்றிக்கொள்கிறேன். ஈரத்தலையில் சீப்பு வைக்காதீர்கள். பல் அகன்ற மரச்சீப்பு, அதுவும் நுனியிலிருந்து மேல்நோக்கி.

மஞ்சள் பூப்பதற்கு வெயில் ஒரு காரணம். ஆனால் நம் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். உங்கள் வீட்டில் போர்த் தண்ணீரா? குளியலறை வெள்ளை டைல்ஸில் குழாய்க்குக் கீழே செம்பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரும்பு. டைல்ஸில் ஏறுவது தலையிலும் ஏறும். கறுப்பு முடியில் இத்தனை வருஷம் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. முழுக்க முழுக்க நல்ல தண்ணீரில் குளிக்க யாரால் முடியும்? கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த தண்ணீரை விட்டு அலசுங்கள். ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது எனக்கு. அதற்கும் மசியாவிட்டால் ஊதா நிற ஷாம்பு என்று ஒன்று விற்கிறது. வேட்டியின் மஞ்சளை எடுக்க நீலம் போடுகிறோமே, அதே தந்திரம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை போதும். நீலம் அதிகம் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடக் கூடாது.

அடுத்தது, உங்களை நிஜமாகப் படுத்துகிற இரட்டை நிறம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாக வளரும். இடுப்புவரை முழுவதும் வெள்ளையாக ஐந்தாறு வருஷம் பிடிக்கும். தோள்வரை வெட்டிக்கொண்டால் இரண்டு, இரண்டரை வருஷம். நான் வெட்டிக்கொண்டேன். முடி வெட்டுகிற பெண் இரண்டு தடவை, “நிஜமாத்தானா?” என்று கேட்டாள், வீட்டில் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், ஒரு சமயத்தில் ஒரு கலவரம் போதும். தைக்குள் வெள்ளை பத்துப் பதினோரு சென்டிமீட்டர் ஆகிவிடும். தலையை வழித்துச் சீவிக் கொண்டை போட்டால் முன்னால் முழுக்க வெள்ளை, கறுப்பெல்லாம் கொண்டைக்குள் சுருண்டுகொள்ளும். இரட்டை நிறம் என்று யாருக்கும் தெரியாது. சவுரி வைத்து நீளப் பின்னல் போடலாம் என்று அலங்காரம் செய்பவர் சொல்வார். வெள்ளைக்குப் பொருத்தமான சவுரி நம் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைத்ததே இல்லை. (திருப்புகலூருக்குப் பக்கத்தில் திருக்கண்ணபுரத்தில் பெருமாளுக்கே சவுரிராஜன் என்று பேர். மாலையில் இருந்த முடி பெருமாளுடையது என்று சொல்லி மாட்டிக்கொண்ட அர்ச்சகரைச் சோழ ராஜாவிடமிருந்து காப்பாற்ற, பெருமாள் தன் தலையிலேயே முடி வளர்த்துக் காட்டினார் என்று தலபுராணம். ராஜா பார்த்தது கறுப்பு முடியாகத்தான் இருந்திருக்கும். இல்லையென்றால் அர்ச்சகர் பாடு திண்டாட்டம்.)

பூவைப் பற்றியும் சொல்லவேண்டும். கறுப்பு முடிக்கு மல்லிகை எடுக்கும், வெள்ளையில் மல்லிகை இருக்கிற இடமே தெரியாது. தஞ்சாவூர்க் கதம்பம் வாங்குங்கள். மருக்கொழுந்தின் பச்சையும் கனகாம்பரத்தின் செம்மஞ்சளும் நரைக் கொண்டையில் எப்படித் தூக்கிக் காட்டும் என்று எனக்கு 50 வயதுக்கு மேல்தான் தெரிந்தது. புறநானூற்றில் ஒரு தாயின் நரைக் கூந்தலை, மீன் தின்கிற கொக்கின் தூவி மாதிரி என்று பாடியிருக்கிறார்கள். நாற்று நடவுக்கு முன்னால் உழுகிற டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் இறங்குமே, அந்தச் சேற்றில் அந்த வெள்ளை. உங்கள் ஊருக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

புடவைக்கு மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். சந்தனமும் வெளிர் ரோஸும் நரைக்குச் சோபிக்காது, முகம் சோகையாகத் தெரியும். அரக்கு அல்லது மயில் கழுத்து எடுங்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவை வாங்க எப்படியும் கூறைநாட்டுக்குப் போவீர்கள், உங்களுக்கு நாலு தெரு தள்ளித்தானே? அப்போது உங்களுக்கும் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். தலையில் முக்காடு போடாமல் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வண்ணம் எடுத்தீர்கள் என்று எனக்கு எழுத வேண்டும்.