கையெழுத்து பொருந்தாத டூமா பேனா போலியா?

கேள்வி: மாண்ட் பிளாங்க் பேனா நிறுவனம் எழுத்தாளர்களைக் கௌரவித்து வெளியிடும் வரிசையில் வந்த அலெக்சாண்டர் டூமா மை பேனா ஒன்று பழைய பொருளாக விலைக்கு வந்திருக்கிறது. அதில் பொறித்திருக்கும் கையெழுத்து, படங்களில் நான் பார்த்த மற்ற டூமா பேனாக்களில் இருப்பதுபோல இல்லை. இது போலியா? வாங்கினால் எழுதலாமா, பெட்டியிலேயே வைக்க வேண்டுமா? பின்னால் விலை ஏறுமா?

பதில்: கையெழுத்து வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். டூமா என்ற ஒரே பெயரில் பிரான்சில் அப்பா, மகன் இருவருமே எழுத்தாளர்கள். மூன்று வாள்வீரர்களின் கதையை எழுதியவர் அப்பா. 1996இல் அவரைக் கௌரவித்து வந்த பேனாவில், தவறுதலாக மகனின் கையெழுத்தைப் பொறித்துவிட்டார்கள். பிறகு திருத்தி, அப்பாவின் கையெழுத்தோடு வெளியிட்டார்கள். ஆகவே இரண்டு விதமும் அசல்தான். மகனின் கையெழுத்து உள்ளவை குறைவு என்பதால் சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். விற்பவருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தால் அதைச் சொல்லியே விலையை ஏற்றுவார், ஜாக்கிரதை. இருவரின் கையெழுத்துப் படங்களையும் தேடி எடுத்து, பேனாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒன்று இருந்தால் அப்போது சந்தேகப்படலாம்.

கையெழுத்தைவிட நிப்தான் அதிகம் பேசும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 750 என்ற முத்திரை இருந்தால் 18 காரட் தங்கம். போலிகளில் பெரும்பாலும் தங்க முலாம் பூசிய எஃகுதான் இருக்கும். செதுக்கல் மழுங்கலாகவும், முலாம் விளிம்புகளில் தேய்ந்தும் தெரியும். நுனியின் இரண்டு கிளைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, நுனியில் உள்ள கடின உலோகக் குமிழ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அசல் பேனாவில் வேறு நிப் மாட்டியிருப்பதும் உண்டு. அதே மாடலின் நல்ல படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் செதுக்கலில் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது பிஸ்டன், அதாவது பின்பக்கத்தைத் திருகினால் மையை உள்ளே இழுக்கும் பகுதி. சாதாரணத் தண்ணீரை இழுத்து, நிப் கீழே பார்க்கச் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள், சொட்டக் கூடாது. திருகும்போது இறுகினால் பலவந்தம் வேண்டாம். உள்ளே மை காய்ந்திருக்கலாம். தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகும். வெந்நீரும் ஆல்கஹாலும் பேனாவின் உடலான ரெசினை (ஒருவகை பிளாஸ்டிக்) கெடுக்கும், அவை கூடாது. மூடியின் உதட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் படத்தில் இது தெரியவே தெரியாது. பேனாவில் எண் பொறித்திருந்தால் காகிதங்களில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். பெட்டியும் காகிதமும் இல்லையென்றால் பேனா போலியாகிவிடாது, பேரம் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

விலை ஏறுமா என்றால், அதை நம்பி வாங்காதீர்கள் என்பேன். 1992இல் இந்த வரிசையைத் தொடங்கிவைத்த ஹெமிங்வே பேனாவும், அடுத்த ஆண்டு வந்த, பாம்பு வடிவக் கிளிப் கொண்ட அகதா கிறிஸ்டி பேனாவும் முதலில் விற்றதைவிடப் பல மடங்கு ஏறியது உண்மைதான். ஆனால் ஹெமிங்வே பேனா அபூர்வமானதல்ல, மை பேனாவை மட்டும் எண்ணினாலே 20,000 செய்தார்கள். அப்படியிருந்தும் விலை ஏறியதற்கு, முதல் பேனா என்பதும் அந்த ஆரஞ்சு நிறமும்தான் காரணம். (ஹெமிங்வேயோ பென்சிலிலும் தட்டச்சுப் பொறியிலும் எழுதியவர்!) 2004இல் வந்த காஃப்கா பேனா ஒரு முனையில் சதுரமாகத் தொடங்கி வட்டமாக மாறும், மனிதன் பூச்சியாக மாறும் காஃப்காவின் கதையில் வரும் உருமாற்றத்தை வடிவத்திலேயே காட்டிவிட்டார்கள். எனக்கு அந்த வரிசையில் மிகவும் பிடித்தது அதுதான். பின்னால் வந்த பல பேனாக்கள் பழைய சந்தையில் கடை விலைக்குக் கீழேயே போகின்றன.

எழுதுவதா வைப்பதா என்பது பேனாவின் இன்றைய நிலையைப் பொறுத்தது. ஒருமுறைகூட மை தொடாமல், நிப் அளவைச் சொல்லும் ஒட்டுச்சீட்டோடு இருந்தால், நீங்கள் முதல் தடவை மை நிரப்பியதுமே சேகரிப்பாளர் விலையில் ஒரு பகுதி போய்விடும். ஏற்கெனவே எழுதிய பேனா என்றால் தயங்கவே வேண்டாம், எழுதுங்கள். எனக்கென்றால் இரண்டாவது வகையைத்தான் தேடுவேன்; விலையும் குறைவு, மனசும் பதறாது. பேனாக்களுக்கான சாதாரண மையைப் போடுங்கள். ஓவிய மையில் அரக்கு கலந்திருக்கும், உள்ளே அடைத்துக்கொள்ளும். சில வாரம் எழுதப் போவதில்லை என்றால் கழுவி, உலர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேனாவில் உங்கள் பெயரை மட்டும் பொறித்துவிடாதீர்கள். டூமாவின் கையெழுத்து தவறாக இருந்தால் விலை கூடும், உங்கள் பெயர் சரியாகவே இருந்தாலும் குறையும்.