தேடும் முன்னும் வைக்கும் முன்னும்: ஜியோகேச்சிங் கேள்வி பதில்

ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை, அவர் வெளியிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேடியும் வைத்தும் பழகியதில் தெரிந்துகொண்டவை இவை. அனுமதி பற்றிய கேள்விகள் பல வந்திருந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அவற்றுக்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது? இதன் விதிகளை வகுத்தவர் யார்?

பதில்: பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பி வந்த காலம் ஒன்று இருந்தது, அப்போது கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து நூறு மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில், கண்டுபிடிப்பவர்கள் பெயர் எழுதும் பதிவேட்டையும் சில பொருள்களையும் இட்டு, அதைப் பாதியளவு மண்ணில் புதைத்து வைத்து, இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். சில நாள்களுக்குள் மைக் டீக் அதைக் கண்டுபிடித்தார். அந்த வாளியில் பீன்ஸ் டின் ஒன்றும் இருந்தது. இன்றைய விதிகளின்படி நிலப் பொறுப்பாளரின் வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது; எனவே அதே வாளியை இன்று விளையாட்டின் இணையதளத்தில் பதிவு செய்ய முயன்றால் மறுக்கப்படும். உணவின் வாசனைக்கு விலங்குகள் பெட்டியைக் கடித்துத் திறக்கும் என்பதையும், தோண்டிய குழியைப் பார்த்த நிலப் பொறுப்பாளர் விளையாட்டையே தடைசெய்துவிடுவார் என்பதையும் விளையாடியவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். விதிகள் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கேள்வி: கைபேசி பூஜ்ஜியம் மீட்டர் என்று காட்டியும் பெட்டி கிடைக்கவில்லை. விலை உயர்ந்த ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பாகையாகவும், மூன்று தசம இடங்கள் கொண்ட நிமிடமாகவும் எழுதுவது இந்த விளையாட்டின் வழக்கம். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர் நகர்கிறது. அதன்மேல் வைத்தவரின் கருவியில் சில மீட்டர் பிழை, உங்கள் கருவியில் சில மீட்டர் பிழை, உயர்ந்த சுவர்களிலும் பாறைகளிலும் சமிக்ஞை பட்டுத் திரும்புவதால் வரும் பிழை என எல்லாம் சேர்கின்றன. எனவே பூஜ்ஜியம் காட்டும் புள்ளியைச் சுற்றிப் பத்து மீட்டர் வட்டத்தைத் தேடும் இடமாகக் கருதுங்கள். அங்கே சென்றதும் கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்களை நம்புங்கள். இயற்கையாக விழுந்த சுள்ளிகள் ஒரே திசையில் வரிசையாகக் கிடப்பதில்லை. ஒரு கல்லின் மேல் மற்றொரு கல் தானாகப் பொருந்தி உட்காருவதும் இல்லை. அரை மணி நேரம் தேடியும் கிடைக்காவிட்டால், செடியைப் பிடுங்காமல், கற்சுவரைக் கலைக்காமல் திரும்பி வந்து, 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யுங்கள். பலர் இதைத் தோல்வி என்று எண்ணி எழுதாமல் விடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு மூன்று பேர் அவ்வாறு எழுதினால்தான், பெட்டி போய்விட்டதோ என்று உரிமையாளர் போய்ப் பார்ப்பார்.

கேள்வி: முதன்முறை செல்லும்போது என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: பேனா இரண்டு. சிறிய பெட்டிகளில் பேனா வைக்க இடமிராது. ஒரு பேனா மட்டும் கொண்டுபோனால் அது எழுதாமல் போகும் நாள் நிச்சயம் வரும். அடுத்ததாகச் சிறு இடுக்கி. விரல்நுனி அளவே உள்ள 'நானோ' பெட்டிக்குள் ஒரு காகிதப் பட்டை தீக்குச்சிபோல் இறுகச் சுருண்டிருக்கும். ஈரமில்லாத கையால் மூடியைத் திருகித் திறந்து, இடுக்கியால் சுருளின் நடுப்பகுதியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்தால் கிழியும். பெயரும் தேதியும் எழுதிய பின், முன்பு இருந்ததைவிட ஒரு சுற்றாவது இறுக்கமாகச் சுருட்டி உள்ளே விடுங்கள். காகிதம் மூடியின் மரையில் சிக்கிக்கொண்டால் அந்த ஓரத்தின் வழியே மழைநீர் உறிஞ்சப்பட்டு, ஒரே இரவில் பதிவேடு முழுவதும் பாழாகிவிடும்.

இவை தவிர, பொந்துக்குள் கையை விடுமுன் உள்ளே பார்க்க ஒரு டார்ச் விளக்கு, கையுறை, விரல்களை மூடும் காலணி, குடிநீர், பவர் பேங்க், இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும்படி முன்கூட்டியே தரவிறக்கிய வரைபடம் ஆகியவை போதும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: பெட்டியில் உள்ள பொருளை எடுத்துக்கொள்ளலாமா? எண் பொறித்த உலோகத் தகடு ஒன்றையும் கண்டேன்.

பதில்: எடுத்தால் சமமான மதிப்புள்ளதையோ மேலானதையோ வையுங்கள், இல்லையேல் கையெழுத்து மட்டும் போதும். அந்தத் தகடு 'டிராவல் பக்' எனப்படும்; அது பரிமாற்றப் பொருள் அன்று. ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குப் பயணம் செய்வதே அதன் நோக்கம். விரைவில் வேறொரு பெட்டியில் சேர்க்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள். அதன் எண் தெரியும்படி எடுத்த படத்தை எங்கும் வெளியிடாதீர்கள். தகட்டைக் கையில் எடுக்காதவர்களும் அந்த எண்ணைக் கொண்டு பதிவு செய்துவிடுவார்கள்.

கேள்வி: பூங்கா பொது இடம்தானே? அங்கே பெட்டி வைக்க எதற்காக அனுமதி? கேட்டால் மறுத்துவிடுவார்களே என்ற தயக்கமும் உள்ளது.

பதில்: இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பூங்கா எல்லாருக்கும் உரியதுதான். ஆனால் அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கிறது. நீங்கள் வைக்கும் பெட்டியைத் தேடி, முன்பின் தெரியாத பலர் ஆண்டுக்கணக்கில் அந்தப் புதர் ஓரத்தில் குனிந்து துழாவப் போகிறார்கள். அங்கே புல் மிதிபட்டால், ஒருவர் வழுக்கி விழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பொறுப்பாளர்தான். ஆகவே அவருக்குத் தெரியாமல் வைப்பது முறையன்று. 'கேட்டால் மறுப்பார்கள், எனவே கேட்காமல் வைப்போம்' என்பவர்கள், பின்னால் வரும் எல்லாருக்கும் சேர்த்து அந்த வாசலை மூடிவிடுகிறார்கள்.

கேட்கும் விதத்தையும் சொல்கிறேன். பெட்டியைத் திறந்த நிலையில் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதன் அளவு, உள்ளே இருப்பவை, வைக்க விரும்பும் இடத்தின் படம், வேண்டாம் என்று சொன்னால் உடனே அகற்றிவிடுவேன் என்ற உறுதி, உங்கள் தொடர்பு எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சம்மதம் தந்தவரின் பெயர், பதவி, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இணையதளத்தில் பதிவு செய்யும்போது அதைப் பரிசீலிக்கும் தன்னார்வலருக்குத் தெரிவியுங்கள்.

நான் முதன்முதலில் கேட்கச் சென்றபோது, பூங்கா மேற்பார்வையாளர் என்னுடன் நடந்து வந்து நான் தேர்ந்தெடுத்திருந்த வேலிச் செடியைப் பார்த்தார். "இதை மாதாமாதம் கத்தரிப்போம், பெட்டி தங்காது" என்று சொல்லிவிட்டு, பழைய கல் இருக்கை ஒன்றின் பின்புறம் இருந்த பிளவைக் காட்டினார். அந்தப் பெட்டி இன்றும் அங்கே இருக்கிறது. தோட்டப் பணியாளர்கள் அதைக் குப்பையோடு அள்ளிப் போகாததற்குக் காரணம், அது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான்.

தனியார் நிலத்திலும் இதே முறைதான். உரிமையாளரின் சம்மதமின்றி வேலியைத் தாண்டக் கூடாது. பெட்டியே வைக்க இயலாத இடங்களும் உண்டு: தொல்லியல் சின்னங்கள், பள்ளி வளாகங்கள், விமான நிலையங்கள், படைத்துறை இடங்கள், இருப்புப் பாதையை ஒட்டிய பகுதி. அனுமதி கிடைத்த இடத்திலும், வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

கேள்வி: தேடிக்கொண்டிருந்தபோது காவலர் ஒருவர் விசாரித்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன்.

பதில்: உண்மையை அப்படியே சொல்லுங்கள். கைபேசியில் அந்தப் பெட்டிக்குரிய இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். போகச் சொன்னால் மறுபேச்சின்றிப் போய்விடுங்கள். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் வெளியே இருந்த சிறு பெட்டியை வெடிகுண்டு என்று ஐயுற்றுத் தெருவை மூடி, நிபுணர்கள் அதை வெடிக்கச் செய்து அழித்தார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்களின் அச்சம் நியாயமானது. மறைவாகக் குனிந்து எதையோ வைத்துவிட்டு நகரும் ஒருவரைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று, வைப்பவர்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்கள் நிறைந்த இடத்தில் உள்ளே தெரியும்படியான பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். வெளியே விளையாட்டின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: மழைக்குத் தாங்கும் பெட்டி எது?

பதில்: நான்கு பக்கமும் பூட்டும் மூடியும் ரப்பர் வளையமும் உள்ள உணவுப் பெட்டி நன்றாக உழைக்கும், பழைய படைத்துறைத் தோட்டாப் பெட்டி அதைவிட நீண்ட காலம் வரும், ஆனால் அதன் மேலுள்ள எழுத்துகளை வண்ணம் பூசி மறைத்துவிட வேண்டும். நான் ஒருமுறை வளையமில்லாத மலிவுப் பெட்டியை வைத்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தபோது பதிவேடு கூழாக இருந்தது. தொலைவிலிருந்து வந்தவர்கள் எழுதிய குறிப்புகளில் ஒரு வரியைக்கூட மீட்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: சுற்றுலா சென்ற ஊரில் பெட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பழுது என்று செய்தி வந்தால் சில நாள்களுக்குள் உங்களால் அங்கே போக முடிய வேண்டும்.

கேள்வி: பெட்டி காணாமல் போயிருந்தது. உதவியாக நானே ஒன்றை வைத்துவிட்டுக் 'கண்டேன்' என்று பதிவு செய்தேன். தவறா?

பதில்: உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆயினும் தவறுதான். உண்மையான பெட்டி ஒரு மீட்டர் தள்ளியே இருந்திருக்கலாம். இப்போது ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும், இரண்டாவதற்குப் பொறுப்பாளர் எவருமில்லை. நனைந்த காகிதத்தோடு உலர்ந்த தாள் ஒன்றைச் சேர்த்து வைப்பது வேறு. அதை எல்லாரும் வரவேற்பார்கள். இயன்றால் மீண்டும் சென்று நீங்கள் வைத்ததை எடுத்து வந்துவிட்டு, உரிமையாளருக்கு நடந்ததை எழுதுங்கள். அவர் பராமரிப்பைக் கைவிட்டிருந்தால் பரிசீலகர் அந்தப் பதிவை மூடுவார். அதன்பின் அதே இடத்துக்கு நீங்களே முறைப்படி அனுமதி பெற்று, உங்கள் பெயரில் புதிய பெட்டியை வைக்கலாம்.