செம்மண் நாட்டுக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

வேலைக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு உலுரு என்கிற பெரிய செம்பாறை பக்கமோ மேற்கு மெக்டொனல் மலைத்தொடர் பக்கமோ கிளம்பிவிடுவேன். நடு ஆஸ்திரேலியாவுக்கு வர நினைக்கிற நம்மவர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (சிட்னி): எங்களுக்கு 4 நாள்தான் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உலுரு, கிங்ஸ் கேன்யன், கூபர் பீடி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது. வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், அதை நம்பாதீர்கள். ஆலிஸிலிருந்து உலுருவுக்கே சாலையில் ஏறக்குறைய 450 கி.மீ. அங்கிருந்து கிங்ஸ் கேன்யன் இன்னொரு 300. கூபர் பீடி தெற்கே சுமார் 700 கி.மீ. தள்ளி, தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில் இருக்கிறது. 4 நாளில் இத்தனையும் என்றால் காரின் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

விமானத்தில் நேராக உலுருவுக்கு வந்து இறங்கி, பக்கத்தில் இருக்கும் யுலாராவில் தங்குங்கள். உலுரு இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. பூங்காவின் 3 நாள் பாஸ் உங்களுக்குச் சரியாக இருக்கும், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு காலை உலுருவுக்கு, ஒரு காலை அதே பூங்காவில் இருக்கும் கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளுக்கு. மிச்ச நேரத்தில் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். உலுருவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மாலையில் ஆரஞ்சாகி, சிவந்து, கடைசியில் கருநீலத்தில் அடங்கும்போது இன்றைக்கும் பேச்சு வராது.

கேள்வி (மெல்பர்ன்): அக்கா, டிசம்பர் பள்ளிக்கூட லீவுக்குத்தான் எங்களுக்கு வசதி. பிள்ளைகளுக்கு 6, 9 வயது. அந்த நேரம் வரலாமோ?

பதில்: தங்கச்சி, என்னைக் கேட்டால் ஜூலை லீவுக்கு மாற்றிக்கொள்ளுங்கோ. டிசம்பரில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். கட்டா ஜூட்டாவில் காற்றுப் பள்ளத்தாக்கு என்று 7.4 கி.மீ. சுற்றுப்பாதை ஒன்று உண்டு. அங்கே நடக்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். 36 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்துவிட்டால் காலை 11 மணிக்கு மேல் முதல் காட்சிமேடையோடு பாதையை மூடிவிடுவார்கள். கிங்ஸ் கேன்யனின் விளிம்பு நடைக்கும் அப்படித்தான், அந்த மாதிரி நாளில் 9 மணிக்கு முன்னால் ஏறத் தொடங்கிவிட வேண்டும். அது 6 கி.மீ., தொடக்கத்திலேயே செங்குத்தான படிகள். இங்கே வெயிலில் மயங்கி உயிர் போனவர்கள் உண்டு. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஜூலை இங்கே குளிர்காலம், பகல் 20 டிகிரி அளவில் இதமாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் சைபருக்குக் கீழே போவதும் உண்டு. பாலைவனம்தானே என்று டி-ஷர்ட்டோடு வந்து, சூரிய உதயம் பார்க்கிற இடத்தில் ஹோட்டல் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் குல்லாவும் கையுறையும் எடுத்து வையுங்கோ. ஈத் தொல்லையும் குளிர்காலத்தில் குறைவு. வெப்ப மாதங்களில் முகத்துக்கு வலை போடாமல் நிற்கவே முடியாது.

கேள்வி (சிங்கப்பூர்): உலுரு மேல் ஏற இப்போது விடுவதில்லையாமே? அவ்வளவு தூரம் வந்து கீழேயே நின்றுவிட்டுத் திரும்புவதா?

பதில்: ஆமாம், 2019 அக்டோபர் 26-ஆம் தேதியோடு ஏறுவது நின்றுவிட்டது. 1985-இல் அதே தேதியில்தான் அந்த நிலம் சட்டப்படி அதன் பழங்குடியினரான அனங்கு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஏறாதீர்கள் என்று அவர்கள் பல வருடம் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். அது அவர்களுக்குப் புனிதமான இடம். ஏறுகிற யாராவது விழுந்து செத்தால், தங்கள் மண்ணில் விருந்தாளிக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தமும் அவர்களுக்குத்தான்.

கீழேயே நின்றுவிட்டுத் திரும்பச் சொல்லவில்லை, சுற்றி வாருங்கள். 10.6 கி.மீ., சமதரை, மூன்றரை மணி நேரம் போதும். தூரத்திலிருந்து ஒரே வழவழப்பாகத் தெரிகிற பாறை, பக்கத்தில் போனால் குகைகளும் மடிப்புகளும் தேன்கூடு மாதிரிப் பள்ளங்களுமாக இருக்கும். அந்தச் சிவப்பு, பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்தது. குகைகளுக்குள் எட்டிப் பார்த்தால் கல்லின் அசல் நிறமான சாம்பல் தெரியும். முட்டிஜுலு சுனைக்கு உள்ளே போகிற சின்னப் பாதையைத் தவறவிடாதீர்கள். குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணும் லிரு என்ற விஷப்பாம்பு ஆணும் சண்டையிட்ட கதை அங்கேதான் நடந்தது. பாறையில் எந்தக் கோடு எந்த வெட்டுக்காயம் என்று கைகாட்டிச் சொல்வார்கள்.

சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். கேமராவை இறக்கிவிடுங்கள். நினைவுக்கு என்று ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். எடுத்துப்போனவர்கள் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பூங்காக்காரர்கள் அவற்றுக்கு 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (பிரிஸ்பேன்): போன வருடம் வந்தோம். 3 நாளில் ஒரு கங்காருகூடக் கண்ணில் படவில்லை. வெறும் மண்ணும் புல்லும்தான். மிருகங்கள் நிஜமாகவே இருக்கின்றனவா?

பதில்: தம்பி, நீங்கள் எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள் என்று எழுதவில்லை. பகல் 10 மணிக்கு மேல் என்றால் பார்த்திருக்கவே முடியாது. அந்த நேரத்தில் அசைந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீர் போய்விடும் என்று இங்கே எல்லா உயிருக்கும் தெரியும். சிவப்புக் கங்காரு ஏதாவது ஒரு முல்கா மரத்தடியில் மண்ணைக் கீறிக் குழியாக்கிப் படுத்துக்கொண்டு, முன்னங்கைகளை நக்கிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தக் குழாய்கள் தோலுக்கு வெகு பக்கத்தில் ஓடுவதால், எச்சில் காயக் காய உடம்பு குளிரும்.

அடுத்த முறை ஆலிஸ் பக்கம் வந்தால் இதை மட்டும் செய்யுங்கள். ஊரிலிருந்து மேற்கே 20 கி.மீ.க்குள் சிம்ப்சன்ஸ் கேப் என்று மலை பிளந்த ஒரு இடுக்கு இருக்கிறது. சூரியன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய், காய்ந்த ஆற்று மணலில் உட்காருங்கள். எதிரே பாறைச் சரிவு. முதல் கால் மணி நேரம் வெறும் கல்லாகத்தான் தெரியும். பிறகு ஒரு கல்லுக்குக் காது அசையும். பக்கத்துக் கல் தலையைத் திருப்பும். கரும்பாத வாலபிகள், கங்காருவின் குட்டிச் சொந்தங்கள்! முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, கன்னத்தில் வெள்ளைக் கோடு, நுனியில் மயிர் அடர்ந்த நீள வால். அந்த வாலைத் துடுப்பு மாதிரி வீசிச் சமன் செய்துகொண்டு, செங்குத்துப் பாறையில் ஓசையே இல்லாமல் தாவும். நான் முதல் முறை போனபோது 7 எண்ணினேன். அதே சரிவை அதற்கு முந்தைய வாரம் மத்தியானம் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்பியிருந்தேன்.

இன்னொன்று, தார்னி டெவில் என்கிற முள் ஓணான். உள்ளங்கைக்குள் அடங்கும். வெயில் ஏறுகிற நேரத்தில் சாலையில் காய வரும். காற்றில் ஆடுகிற சருகு மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் ஓர் அடி வைக்கும். சாப்பாடு எறும்பு மட்டுமே, ஒவ்வொன்றாக நாக்கால் ஒற்றி எடுக்கும். அது தண்ணீர் குடிக்கிற விதம்தான் எனக்கு ஆச்சரியம். செதில்களுக்கு இடையில் நூல் மாதிரி வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஈர மணலில் நின்றால் போதும், திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, காலில் பட்ட ஈரம் தானாக ஏறி வாய்க்கு வந்துவிடும்.

பெரிய உடும்பு பார்க்க ஆசை என்றால் பெரென்டி. இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும், ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பெரிய பல்லியினம் கிடையாது. குளிர்காலத்தில் வெளியே வராது. பில்பி, மாலா மாதிரி அழிவின் விளிம்புக்குப் போன சின்ன விலங்குகளைக் காட்டில் தேட வேண்டாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டெஸர்ட் பார்க்கின் இருட்டறைக் கூடத்தில் பார்க்கலாம். நரியும் பூனையும் மாலாவை வேட்டையாடித் தீர்த்துவிட்டதால், 2005-இல் உலுரு பூங்காவுக்குள்ளேயே வேலி போட்டுத் திரும்ப வளர்க்கத் தொடங்கினார்கள்.

அப்புறம், நம் ஊர்க் கூண்டுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிப் பச்சைக் கிளிகளின் சொந்த ஊர் இதுதான். மழை பெய்த வருடத்தில் ஏதாவது ஒரு நீர்நிலை ஓரம் நில்லுங்கள். நூற்றுக்கணக்கில் ஒரே உடம்பு மாதிரித் திரும்பும். ஒரு பக்கம் திரும்பினால் பச்சை மின்னும், மறுபக்கம் திரும்பினால் கூட்டமே வானத்தில் கரைந்துபோகும். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடியைக் கூண்டில் வைத்திருந்தோம். இங்கே பறப்பதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி (அடிலெய்ட்): சொந்தமாகக் கார் ஓட்டி வருவது பாதுகாப்பா?

பதில்: பகலில் ஓட்டினால் பாதுகாப்பு. இருட்டில் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் முதல் விடியும்வரை கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டி இடித்தால் பல வாடகைக் கார்களின் காப்பீடு செல்லாது. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரோடு ட்ரெயின் என்கிற லாரிகள் 53 மீட்டர் நீளம்வரை இருக்கும். முன்னால் நேர்ச்சாலை ஒரு கி.மீ.க்கு மேல் தெளிவாகத் தெரியாமல் முந்தாதீர்கள். ரோடுஹவுஸ் என்கிற சாலையோரப் பெட்ரோல் நிலையம் வந்தால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். ஊர்களுக்கு நடுவே போனில் சிக்னல் இருக்காது. சேட்டிலைட் போனோ, அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கிற அவசர பீக்கனோ வாடகைக்குக் கிடைக்கும்.

ஒருமுறை மெரீனி மண்சாலையில் எங்கள் டயர் கிழிந்தது. மாற்று டயரில் காற்று இல்லை, கிளம்பும்போது நான் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் காரின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம். 20 லிட்டர் தண்ணீர் இருந்ததால் பதற்றம் இல்லை. அந்த வழியே வந்த ஒரு பழங்குடிக் குடும்பம் வண்டியை நிறுத்தி, தங்கள் பம்பால் காற்றடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கக் கூடாது. வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்குக் கார் தெரியும், மனிதர் தெரியமாட்டார். அந்தச் சாலை பழங்குடியினர் நிலம் வழியே போவதால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும்.

கேள்வி (கோவை): பாம்புகள் அதிகமா?

பதில்: இருக்கின்றன, குளிர்காலத்தில் அபூர்வம். மூடிய ஷூ போடுங்கள், ஸ்பினிஃபெக்ஸ் புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். பாம்பு இல்லாவிட்டாலும் அந்தப் புல்லின் ஊசி நுனி தோலில் ஏறி முறிந்துவிடும். பாம்பு கடித்துவிட்டால் அந்த இடத்தைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது. கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுக்கவைத்து, அவசர எண் 000-க்குச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பீக்கனை அழுத்துங்கள்.

கேள்வி (கொழும்பு): ஒட்டகம் எப்படி அங்கே வந்தது?

பதில்: கண்டத்தின் நடுவைக் கடக்கக் குதிரை உதவாது என்று, 1860-இல் பர்க், வில்ஸ் என்ற இருவரின் ஆய்வுப் பயணத்துக்காக அன்றைய இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. ஓட்டிவந்தவர்கள் பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான்காரர்கள். எல்லோரையும் 'ஆப்கான்' என்றே அழைத்தார்கள். ஆலிஸ் வழியாக ஓடுகிற 'கான்' ரயிலின் பெயர் அதிலிருந்து வந்தது. மோட்டார் வண்டி வந்ததும் ஒட்டகங்களை அவிழ்த்துவிட்டார்கள். இன்று அவை பெருகி, சுனைகளைக் கலக்கிப் பாழாக்குகின்றன.

கேள்வி (பெர்த்): சைவச் சாப்பாடு?

பதில்: யுலாராவில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, ரோடுஹவுஸ்களில் சிப்ஸும் சாண்ட்விச்சும்தான். சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுவாருங்கள். திரும்பும்போது தென் ஆஸ்திரேலியா வழியாகக் காரில் போனால் பழங்களை எல்லைக்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி (மதுரை): இரவில் பார்க்க ஏதாவது உண்டா அக்கா?

பதில்: வானம். அமாவாசையை ஒட்டி வாருங்கள். நம் பக்கம் திரிசங்கு என்று சொல்கிற தெற்குச் சிலுவை, தமிழ்நாட்டில் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். இங்கே நன்றாக மேலேறி நிற்கும். ஜூலை மாதம் இரவு 8 மணிக்கு மேல், விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பாருங்கள். சிலுவைக்கு ஒட்டினாற்போல ஒரு கறுப்புத் திட்டு, அது ஈமு பறவையின் தலை. அங்கிருந்து பால்வீதிக்கு நடுவே கறுப்பாக நீள்வது கழுத்து, விருச்சிகத்துப் பக்கம் பருத்திருப்பது உடம்பு. நட்சத்திரங்களை இணைத்து உருவம் பார்க்கப் பழகிய நமக்கு முதலில் பிடிபடாது. இங்குள்ள பழங்குடியினர் பலர் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இருட்டைப் பார்க்கிறார்கள். எனக்கு மூன்றாவது இரவில்தான் தெரிந்தது.